திருமலை நாயக்கர் மகால்: டிக்கெட் எடுத்துப் பார்ப்பது கால்வாசிதான்... மீதி எங்கே போச்சு?

மதுரைக்கு வருகிறவர்கள் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு அடுத்து போகிற இடம் திருமலை நாயக்கர் மகால். ‘பம்பாய்’ படத்தில் ‘கண்ணாளனே’ பாட்டு எடுத்த இடம் என்று சொன்னால், நேரில் பார்க்காதவர்களுக்கும் தெரிந்துவிடும். ஆனால் இன்றைக்கு நிற்பது பழைய அரண்மனையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். மீதி என்ன ஆனது? தோட்டமும் குளமும் எங்கே? விரிவாகப் பார்க்கலாம்.

யார் கட்டியது?

மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர். கட்டிய ஆண்டு 1636. மீனாட்சி அம்மன் கோயிலுக்குத் தென்கிழக்கே, நடந்தே போகிற தூரத்தில் இருக்கிறது.

அரண்மனை இரண்டு பெரும் பகுதிகளாக இருந்தது. ஒன்று சொர்க்க விலாசம், இன்னொன்று ரங்க விலாசம். இவற்றோடு அந்தப்புரம், நாடகசாலை, கோயில், ஆயுதசாலை, பல்லக்கு நிறுத்தும் இடம், வாத்தியம் முழங்கும் நவபத்கானா, குளம், பூந்தோட்டம் என்று ஒரு சின்ன ஊரே உள்ளே இருந்திருக்கிறது.

உள்ளே போனால் என்ன பார்க்கலாம்?

வாசலைத் தாண்டியதும் பெரிய திறந்த முற்றம். அதைச் சுற்றி நிற்கிற வெள்ளைத் தூண்களை ஒருத்தர் கை விரித்துக் கட்டிப்பிடிக்க முடியாது. முற்றத்தின் மேற்கில் இருப்பதுதான் சொர்க்க விலாசம். அரசர் கொலுவீற்றிருந்த மண்டபம் இது. அங்கே நின்று அண்ணாந்து பாருங்கள். மேலே பெரிய குவிமாடம் தெரியும். மர உத்தரமோ இரும்போ தாங்காமல், செங்கலும் சுண்ணாம்பும் மட்டும் வளைவாக ஒன்றையொன்று தாங்கி நிற்கிறது.

வடமேற்குப் பக்கம் நாடகசாலை. இரவு நேரத்தில் ஆட்டமும் பாட்டும் நடந்த கூடம். சுவரிலும் தூணிலும் தெரிகிற வழவழப்பு, நன்றாக அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசியதால் வந்தது என்று சொல்கிறார்கள்.

கோயில் மாதிரி இல்லையே, ஏன்?

இதே திருமலை நாயக்கர்தான் கோயிலுக்கு எதிரே புது மண்டபத்தையும் கட்டினார். அங்கே எல்லாம் கருங்கல். தூண் நட்டு, மேலே கல் உத்தரம் வைத்து, சிலை செதுக்கிய வேலை. மகாலில் அந்த முறையே இல்லை. இங்கே செங்கல், சுதை, இதழ் இதழாக மடிந்த வளைவுகள், குவிமாடங்கள்.

இந்த வளைவு மசூதிகளிலும் சுல்தான்களின் மாளிகைகளிலும் வளர்ந்தது. விஜயநகர அரசர்கள் அதைத் தங்கள் அரண்மனைகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஹம்பியில் உள்ள தாமரை மகாலில் அப்படியே பார்க்கலாம். விஜயநகரத்தின் பிரதிநிதிகளாக மதுரைக்கு வந்தவர்கள் நாயக்கர்கள். அந்த வழியாகத்தான் வளைவும் வந்தது. இத்தாலியக் கலைஞர் ஒருவர் கட்டினார் என்ற பேச்சும் மதுரையில் உண்டு.

‘இந்தோ சாரசெனிக்’ என்று பலகைகளில் படித்திருப்பீர்கள். அரபு, முஸ்லிம் மக்களை ஐரோப்பியர் சொன்ன பழைய பெயர்கள் ‘சாரசென்’, ‘மூர்’ என்பவை. ஸ்பெயினின் அல்ஹம்ப்ராவை ‘மூர்’ பாணி என்பதும் இதனால்தான். ஆக, பெயர் பின்னால் வந்தது, மகால் முன்னாலேயே நின்றது.

முக்கால்வாசி எங்கே போச்சு?

இடித்தது எதிரிப் படை இல்லை. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, அங்கே கட்டுவதற்காக இங்கிருந்த சிற்ப வேலைகளையும் மர வேலைகளையும் பெயர்த்து எடுத்துப் போனார். மீதி பராமரிப்பு இல்லாமல் சரிந்தது. 1792-ல் மதுரை வந்த ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியல் வரைந்த படத்தில் தெரிவதே இடிபாடுதான்.

1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு இதைப் பழுதுபார்க்க உத்தரவிட்டார். அந்த வேலையில் ஈடுபட்டவர் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழக செனட் இல்லத்தைக் கட்டியவர் இவர்தான். பழுதுபார்த்த மகாலில் 1970 வரை மாவட்ட நீதிமன்றம் நடந்தது. இப்போது தமிழ்நாடு தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது.

மீதியை எங்கே தேடுவது?

மகாலுக்கு வெளியே, தெருக்களில்.

பத்துத் தூண்: மகாலிலிருந்து வடக்கே, விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடைகள் நிறைந்த சந்து. அதற்குள் பத்துப் பெரிய தூண்கள் வரிசையாக நிற்கின்றன. மேலே கூரை இல்லை, வளைவு இல்லை. ரங்க விலாசத்தில் மிஞ்சியது இவ்வளவுதான். துணி வாங்க வருகிறவர்களில் பலர் தலை தூக்கிப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

தெருப் பெயர்கள்: நவபத்கானா தெரு, மகால் வடம்போக்கித் தெரு. கட்டடம் போனாலும் பெயர் போகவில்லை.

தெப்பக்குளம்: மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஆனது என்பது மதுரையில் வழிவழியாகச் சொல்வது.

தோட்டம் மட்டும் தேடினாலும் கிடைக்காது. அல்ஹம்ப்ராவுக்குப் போகிறவர்கள் பக்கத்திலேயே ஹெனரலிஃபே தோட்டத்தையும் பார்க்கிறார்கள். இங்கே தோட்டமும் குளமும் இருந்த இடத்தில் வீடும் கடையுமாக ஊர் வளர்ந்துவிட்டது.

போகிறவர்கள் கவனிக்க

* முதலில் மகால், அடுத்து பத்துத் தூண், மாலையில் தெப்பக்குளம். இந்த வரிசையில் போனால் ஒரே நாளில் முடிக்கலாம்.

* மகாலில் மாலையில் ஒலி-ஒளிக் காட்சி நடப்பது வழக்கம். நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை. அன்றன்றைக்கு வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

* தூணில் பெயர் கிறுக்காதீர்கள். அது கல் இல்லை, சுண்ணாம்புப் பூச்சு. கீறல் விழுந்தால் ஈரம் உள்ளே இறங்கும், பூச்சு உப்பி உதிரும். சிமெண்ட் வைத்து அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் கெடும். பழைய முறையில் சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கைகள் குறைவு. முக்கால்வாசி ஏற்கெனவே போய்விட்டது. மிச்சம் இருப்பது இந்தக் கால்வாசிதான்.