கையிற் கட்டும் காப்பு

மனிதன் அணியும் அணிகளுள் மிக எளியது எது என்று வினாவின், கையிற் கட்டும் நூலே என்று தயங்காது விடை கூறலாம். பொன்னும் மணியும் பெட்டகத்துள் உறங்கிக் கிடக்க, ஒரு சாண் பருத்தி நூல் அரசன் கையையும் ஆண்டியின் கையையும் ஒருங்கே அலங்கரிக்கின்றது. எனினும், அந்நூலை ஏன் அணிந்தோம் என்று கேட்டால் நம்மிற் பலர் வாய் திறவாது நிற்பர்.

நாமும் ஒருகால் அங்ஙனம் நின்றவர்களே. மிஷன் பாடசாலையொன்றிற் பயின்ற காலத்தில், தீபாவளி கழிந்த மறுவாரம் நம் கையிலிருந்த கௌரிக் காப்பைக் கண்ட ஆசிரியர் ஒருவர், “இது யாது?” என்று கேட்டார். ஏளனமாக அன்று, அறியும் விருப்பினாலேயே கேட்டார். நமக்கோ விடை தெரியவில்லை. “அம்மம்மா கட்டச் சொன்னார்” என்றோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. அன்று மாலையே அக்காப்பை அவிழ்த்துப் புத்தகப் பையின் அடியில் ஒளித்துவிட்டோம். வெறுங்கையைக் கண்ட அம்மம்மா ஒன்றும் உரைத்தாரல்லர். அவ்வொரு வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை என்க.

முதலிற் சொல்லை நோக்குவோம். காத்தல் என்னும் பொருளுடைய ‘கா’ என்னும் அடியாற் பிறந்தது காப்பு. கையில் அணியும் வளையும் காப்பு. நூலின் தொடக்கத்தில் இடையூறு நீங்கப் பாடும் செய்யுளும் காப்பு. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் முதலாவதும் காப்புப் பருவமே. எனவே, தமிழர் எதனைத் தொடங்கினும் காவலை வேண்டியே தொடங்கினர் என்பது இச்சொல்லாலேயே பெறப்படும். வடமொழியில் இதனை இரட்சை என்றும் கங்கணம் என்றும் கௌதுகம் என்றும் வழங்குவர். இரட்சை என்பதன் பொருளும் காவல் என்பதே.

இவ்வழக்கம் மிகத் தொன்மையானது. காளிதாசர் இயற்றிய குமாரசம்பவத்தின் ஏழாஞ் சருக்கத்தில் உமாதேவியாரின் திருமணக் கோலம் கூறப்படுகின்றது. தாயாகிய மேனை மகளின் கையிற் கம்பளி நூலாலாய மங்கலக் காப்பைக் கட்டுகின்றாள். கண்களில் நீர் நிறைந்தமையால் இடம் தவறிக் கட்டிவிடுகின்றாள். செவிலித்தாய் தன் விரல்களால் அதனை உரிய இடத்திற்கு நகர்த்துகின்றாள். காப்பு நூலில் மந்திரத்தோடு தாயின் கண்ணீரும் கலந்துள்ளது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பிற சமயத்தார் நூல்களிலும் இந்நூல் வருகின்றது. மிஷன் பாடசாலையில் நாம் கற்ற ஆதியாகமத்தின் 38 ஆம் அதிகாரத்தில், தாமார் என்பாள் இரட்டைப் பிள்ளைகளைப் பெறுகையில், முதலில் வெளிப்பட்ட கையில் மருத்துவிச்சி சிவப்பு நூலைக் கட்டுகின்றாள். ஆயின் அக்கை உள்ளே சென்றுவிட, மற்றப் பிள்ளையே முந்திப் பிறந்தது. நூல் அடையாளமாகுமேயன்றி, நூல் கட்டிய மாத்திரத்தே முதன்மை வந்துவிடாது என்பது இக்கதையால் நாம் கொள்ளத்தக்க கருத்தாகும்.

இனி நமது ஈழநாட்டில் வேரூன்றி நிற்கும் கேதாரகௌரி விரதத்தை நோக்குவோம். புரட்டாதி மாதத்துச் சுக்கில பக்கத் தசமி முதல் தீபாவளியை ஒட்டிவரும் அமாவாசை வரை இருபத்தொரு நாளும் இவ்விரதம் அனுட்டிக்கப்படும். தசமியிலிருந்து எண்ணினால் அமாவாசை இருபத்தொராவது திதியாதல் காண்க. இக்கணக்கிற்கேற்பவே காப்பும் இருபத்தோரிழை கொண்டு, இருபத்தொரு முடிச்சிட்டு ஆக்கப்படுகின்றது. ஆடவர் வலக்கையிலும் மகளிர் இடக்கையிலும் அணிவர். பிருங்கி முனிவர் தம்மை விடுத்துச் சிவபெருமானை மாத்திரம் வலம்வந்தமையால் வருந்திய தேவியார், கௌதம முனிவரின் ஆச்சிரமம் அடைந்து இவ்விரதத்தை நோற்று இறைவன் திருமேனியிற் பாதி பெற்றார் என்பது புராண வரலாறு. ஆகவே கௌரிக் காப்பின் ஒவ்வோர் இழையும் ஒவ்வொரு நாள் நோன்பைக் குறிக்கின்றது. நோலாதவன் கையில் அது வெறும் நூலே.

ஆலயங்களில் மகோற்சவத்திற்குக் காப்புக் கட்டும் குருமார் விழா முடியும்வரை ஊரெல்லையைக் கடவார். திருமணத்தில் மணமக்கள் அணியும் கங்கணமும் அவ்வாறே. மேற்கொண்ட கருமம் முடியுமுன் அதனை அவிழ்த்தல் ஆகாது. இவ்வழக்கிலிருந்தே, ஒன்றை முடித்தே தீர்வேன் என்று நிற்பவனைக் ‘கங்கணங் கட்டி நிற்கின்றான்’ என்று உலகம் உரைக்கலாயிற்று. மிஷன் பாடசாலையிற் கற்று, 1848 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலரவர்கள் அவ்வாறு கங்கணங் கட்டி நின்ற பெரியாருள் ஒருவர்.

நம் அயலவராகிய பௌத்த மக்களும் பிரித் ஓதும்போது வெண்ணூலைக் கையிற் பிடித்திருந்து, ஓதல் முடிந்தபின் அதனை மணிக்கட்டிற் கட்டிக்கொள்கின்றனர். ஒரே தீவில் இரு சாராரும் ஒருவகை நூலையே கட்டி ஒரே காவலை வேண்டி நின்றும், ஒருவர் கையை மற்றவர் உற்று நோக்காது விட்டமை நம் நாட்டின் தவக்குறையன்றி வேறென்னை?

நூல் மக்களை ஒன்றுசேர்க்க முயன்ற வரலாறும் உண்டு. 1905 ஆம் ஆண்டு ஒக்டோபர் 16 ஆம் திகதி, கேர்சன் பிரபுவின் ஆணைப்படி வங்காளம் இரு கூறாக்கப்பட்டது. அன்று கவி இரவீந்திரநாத தாகூரின் அழைப்பை ஏற்று, மக்கள் கங்கையில் நீராடி ஒருவர் கையில் ஒருவர் இராக்கி கட்டினர். ஆவணிப் பூரணையிற் சகோதரி சகோதரனுக்குக் கட்டும் நூல், அன்று இந்துவும் முஸ்லிமும் தமக்குட் கட்டிக்கொள்ளும் நூலாயிற்று. அப்பிரிவினை 1911 இல் நீக்கப்பட்டது. ஆயினும் 1947 இல் வங்காளம் மீண்டும் பிரிந்தது. கட்டிய கைகள் தம் உறுதியை மறந்தால் நூல் என் செய்யும்?

இன்று கோவில் வாயிற்கடைகளில் கறுப்பும் சிவப்பும் மஞ்சளுமாக நூல்கள் தொங்குகின்றன. நைலோன் இழைகளும் வந்துவிட்டன. நண்பர் தமக்குட் கட்டிக்கொள்ளும் வண்ணப் பட்டிகளும் உள. எதனைத் தெரிவது என்று இளைஞர் மயங்குதல் இயல்பே. அச்சத்தினாற் பத்து நூல் கட்டுவதிலும், அழகுக்காக மாதந்தோறும் மாற்றுவதிலும் பயனில்லை. நிறத்தைத் தேருமுன் கருத்தைத் தேர்தல் வேண்டும். யார் கட்டுகின்றார், எதற்காகக் கட்டுகின்றார், எந்நாள்வரை காக்கவேண்டும் என்னும் மூன்றுக்கும் விடையுள்ள நூலே காப்பாகும். ஏனையவை நூலே.

முதியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகளின் கையிற் காப்பைக் கட்டும்போது அதன் கதையையும் உடன் கூறுங்கள். கதையின்றிக் கட்டிய நூல், நம் கையில் நேர்ந்ததுபோல், முதற் சிரிப்பிலேயே அவிழ்ந்துவிடும்.

மறு ஆண்டு அம்மம்மா நம்மை அருகழைத்து மீண்டும் காப்புக் கட்டினார். பழையதை எங்கே வைத்தாய் என்று கேட்கவில்லை. இம்முறை நாமே கேட்டோம், “அம்மம்மா, ஏன் இருபத்தொரு முடிச்சு?” என்று. அவர் முகம் மலர்ந்ததை நாம் என்றும் மறவோம். அன்று அவர் சொல்லத் தொடங்கிய கதையின் ஒரு பகுதியையே ஈண்டு எழுதினோம். எஞ்சியதை அன்பர்கள் தத்தம் இல்லங்களிற் கேட்டறிவார்களாக.