புது பைக்கா... ‘செகண்ட் ஹேண்ட்’ பைக்கா? பழைய வண்டியை மாற்றுகிறவர்கள் போட வேண்டிய கணக்கு

திருப்பூர்:

பல்லடம், அவிநாசி, ஊத்துக்குளி, காங்கயம் பக்கமிருந்து தினமும் பைக்கிலேயே திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வந்து போகும் தொழிலாளர்கள் ஏராளம். பலருக்கும் முதல் வண்டி 100 சி.சி.தான். கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, சம்பளமும் கொஞ்சம் ஏறியதும் ‘125 எடுக்கலாமா, 150 எடுக்கலாமா’ என்ற பேச்சு வீட்டில் ஆரம்பித்து விடும். அடுத்த கேள்வி, ‘இதே காசுக்கு ஷோரூமில் புது 125 எடுப்பதா, கன்சல்டிங்கில் 3 வருஷம் ஓடிய 150 எடுப்பதா?’ என்பது.

கன்சல்டிங்காரர் செகண்ட் ஹேண்ட்தான் லாபம் என்பார். ஷோரூம்காரர் புதுசுதான் லாபம் என்பார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதி பாதிக்கு பேப்பரும் பேனாவும் எடுத்து நாமே கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும்.

வரி குறைந்ததால் மாறிய கணக்கு

2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் 350 சி.சி. வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாக குறைக்கப்பட்டது. 28 சதவீத வரி சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் இருந்த வண்டி, கம்பெனி விலையை ஏற்றாமல் இருந்தால், 18 சதவீத வரியில் சுமார் 92 ஆயிரத்து 200 ரூபாய்க்கு வந்து விடும். ஆகவே வரி குறைப்புக்கு முன் வாங்கிய பில்லைக் காட்டி ‘ஒரு லட்சத்துக்கு எடுத்த வண்டி சார், 85-க்கு தர்றேன்’ என்று யாராவது சொன்னால், அவர் குறைத்துக் கொண்டது 15 ஆயிரம் அல்ல, 7 ஆயிரம்தான். பழைய வண்டிக்கு விலை பேசும்போது இன்றைய ஷோரூம் விலையைத்தான் பார்க்க வேண்டும். அவர் வாங்கிய விலை நமக்கு எதற்கு?

ஆனால் ஷோரூம் போர்டில் எழுதியிருப்பது ரோட்டுக்கு வரும் விலை அல்ல. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இருந்து, ஒரு லட்சம் வரை விலையுள்ள பைக்குக்கு ஆயுள் வரி 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். 2018 செப்டம்பர் முதல் புது பைக்குக்கு 5 வருஷ ‘தேர்டு பார்ட்டி’ இன்சூரன்ஸ் கட்டாயம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி 75 முதல் 150 சி.சி. வரை 5 வருஷத்துக்கு 3 ஆயிரத்து 851 ரூபாய். 150-ஐ தாண்டி 350 வரை 7 ஆயிரத்து 365 ரூபாய். அதாவது 150-க்கு பதிலாக 160 சி.சி. வண்டி எடுத்தால் இந்த ஒரு வகையில் மட்டும் 3 ஆயிரத்து 514 ரூபாய் கூடுதல்.

செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு ஆயுள் வரி ஏற்கனவே கட்டியாகி விட்டது. 5 வருஷ இன்சூரன்சிலும் ஒன்றிரண்டு வருஷம் மிச்சம் இருக்கலாம். பழைய வண்டியின் உண்மையான லாபம் இதுதான். ஆனால் கேரளா, கர்நாடகா, புதுச்சேரி நம்பர் வண்டியை ‘சீப்பா கிடைக்குது’ என்று எடுத்தால் அந்த லாபம் போய் விடும். அந்த ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசில் தடையில்லா சான்று வாங்க வேண்டும், இங்கே மீண்டும் ஆயுள் வரி கட்ட வேண்டும்.

எத்தனை வயசு வண்டி?

பழைய வண்டி நியாயமான விலைதானா என்று பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனிகளின் தேய்மான கணக்கு கை கொடுக்கும். ஒன்று முதல் இரண்டு வயது வண்டிக்கு இன்றைய ஷோரூம் விலையில் 20 சதவீதம் கழிப்பார்கள். இரண்டு முதல் மூன்று வயதுக்கு 30, மூன்று முதல் நான்குக்கு 40, நான்கு முதல் ஐந்துக்கு 50 சதவீதம். ஒரு லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் வண்டி, நாலரை வயதில் 60 ஆயிரம் என்று ஆகிறது. நன்றாக ஓடும் மாடல்களுக்கு மார்க்கெட்டில் இதைவிட கூட கேட்பார்கள். கேட்கட்டும், நாம் பேரத்தை இந்த எண்ணில் இருந்து ஆரம்பிக்கலாம்.

ஒன்று, இரண்டு வயது வண்டிக்கும் புது வண்டிக்கும் வித்தியாசம் 15 ஆயிரம், 20 ஆயிரம் என்று இருந்தால் யோசிக்காமல் புதுசுக்கு போய் விடலாம். வாரண்டியும் கிடைக்கும், கடன் வட்டியும் குறைவு. செகண்ட் ஹேண்டில் உண்மையிலேயே காசு மிச்சமாவது 3 முதல் 5 வயது வண்டிகளில்தான்.

அதிலும் வண்டி தயாரான மாதத்தை ஆர்.சி.யில் பார்க்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். மழையில் திடீர் பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக் கொள்ளாமல் காப்பது இதுதான். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6. பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் பியூயல் இன்ஜெக்ஷன் வந்து விட்டது. 150 சி.சி. எடுக்கிறவர் 2020 ஏப்ரலுக்கு பிந்தைய வண்டியாக பார்த்தால் இரண்டுமே கிடைக்கும். பத்து வயதுக்கு மேல் ஆன வண்டியை, பக்கத்திலேயே நம்பிக்கையான மெக்கானிக் இருந்தால் ஒழிய தொடாமல் இருப்பது நல்லது. பைக்கின் பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதன் பிறகு 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். (1996-லேயே உற்பத்தி நின்று போன ஆர்.எக்ஸ்.100-ஐ தேடி அலைகிறவர்களின் கணக்கு வேறு. அது ஆசைக் கணக்கு!)

பெட்ரோலையும் மறந்து விடக் கூடாது. தினமும் 40 கிலோமீட்டர் வீதம் மாதம் 26 நாள் ஓட்டினால் ஆயிரத்து 40 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 கொடுத்த வண்டியில் இருந்து 45 கொடுக்கும் வண்டிக்கு மாறினால், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் சுமார் 580 ரூபாய் கூடுதல். புதுசோ பழசோ, வண்டி இருக்கிற வரை இந்தச் செலவு வந்து கொண்டே இருக்கும்.

வண்டியை பார்க்கும்போது...

செகண்ட் ஹேண்ட் என்று முடிவு செய்தால், வண்டி பார்க்க காலையில் போக வேண்டும். போனதும் என்ஜினை தொட்டுப் பார்க்க வேண்டும். ஏற்கனவே சூடாக இருந்தால், குளிர்ந்த என்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதை நமக்கு காட்ட விரும்பவில்லை என்று அர்த்தம். சைலன்சரில் நீலம் கலந்த வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது, பெரிய வேலை காத்திருக்கிறது. முன் போர்க்கில் ஆயில் கசிவு, செயின் ஸ்பிராக்கெட் பல் கூர்மையாக தேய்ந்திருப்பது, ஹேண்டில் பாரை திருப்பும்போது நடுவில் ‘டக்’ என்று பிடிப்பது, இவை எல்லாம் செலவு. ஆனால் பேரம் பேசி கழிக்கக் கூடிய செலவு.

மீட்டரில் 18 ஆயிரம் கிலோமீட்டர் என்று இருக்கும். பிரேக் பெடலும் புட்ரெஸ்ட் ரப்பரும் மொழுமொழு என்று தேய்ந்து கிடக்கும். ரப்பர் பொய் சொல்லாது. டயரின் பக்கவாட்டில் 4 எண்கள் இருக்கும். 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. 2021 மாடல் வண்டியில் அதே டயர் இன்னும் இருந்து, மீட்டரும் குறைவு என்றால் பொருந்துகிறது. டயர் மாற்றியிருக்கிறது, மீட்டர் மட்டும் 12 ஆயிரத்தில் நிற்கிறது என்றால் கேள்வி கேட்க வேண்டும்.

சென்னை பதிவு வண்டி என்றால் 2023 டிசம்பர் மிச்சாங் புயல் வெள்ளத்தை நினைவில் வைத்து, சீட்டைக் கழற்றி, பேட்டரி பக்கமும் ஒயரிங் முனைகளிலும் காய்ந்த சேறு, பச்சைத் துரு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. தண்ணீரில் மூழ்கிய பி.எஸ்.6 வண்டியின் எலக்ட்ரானிக் கோளாறு லேசில் தீராது.

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரும், ஹேண்டிலுக்கு கீழே பிரேமில் குத்தியிருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாக பார்க்க வேண்டும். என்ஜின் நம்பரும் அப்படியே. அரசின் எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் பதிவு தேதி, இன்சூரன்ஸ் முடியும் தேதி போன்ற விவரங்கள் வரும். இ-சலான் பக்கத்தில் நிலுவை அபராதத்தையும் பார்த்து விடலாம். ‘பேப்பர் அப்புறம் வரும்’ என்று சொல்லும் வண்டி பக்கமே போகக் கூடாது. திருட்டு வண்டி என்று தெரிந்தோ, சந்தேகப்பட காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் 3 வருஷம் வரை ஜெயில் உண்டு.

ஆர்.சி.யில் ‘ஹெச்.பி.’ என்று பைனான்ஸ் பெயர் இருந்தால், டியூ முழுவதும் கட்டி முடித்த சான்றும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப்பணத்தையும் கொடுக்க வேண்டாம். பழைய டியூ பாக்கி இருந்தால் பைனான்ஸ்காரர் தேடி வரப் போவது வண்டியைத்தான்.

வட்டியில் ஏமாறாதீர்கள்

செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு கொடுக்கும் கடனுக்கு பொதுவாக வட்டி அதிகம். ‘12 பர்சென்ட்தான்’ என்று சொன்னால், பிளாட் வட்டியா, குறையும் வட்டியா என்று கேட்க வேண்டும். 80 ஆயிரம் ரூபாயை 24 மாத டியூவில் எடுத்தால், குறையும் வட்டியில் மாதம் சுமார் 3 ஆயிரத்து 766 ரூபாய். அதே 12 சதவீதம் பிளாட் என்றால் 4 ஆயிரத்து 133 ரூபாய். இரண்டு வருஷத்தில் வித்தியாசம் 8 ஆயிரத்து 800 ரூபாய்க்கு மேல். பழைய வண்டி எடுத்து மிச்சம் பிடித்த காசு இப்படி வட்டியில் போனவர்கள் உண்டு. கையில் உள்ள ரொக்கத்துக்கு செகண்ட் ஹேண்ட், கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் புதுசு என்று பிரித்துக் கொள்வது பல குடும்பங்களுக்கு ஒத்து வரும்.

கொடுக்கிற வண்டியில்தான் பெரிய ஆபத்து

வாங்கும் வண்டியைப் பற்றி இவ்வளவு விசாரிப்பவர்கள், கொடுக்கிற பழைய வண்டியை பற்றி யோசிப்பதே இல்லை. வெற்று படிவத்தில் நாலு கையெழுத்து போட்டு, சாவியை கொடுத்து விட்டு வந்து விடுகிறார்கள். அந்த வண்டி இரண்டு மூன்று கை மாறியிருக்கும். ஆர்.சி.யில் மட்டும் பழைய பெயரே இருக்கும். இன்சூரன்ஸ் இல்லாமல் யாரோ ஓட்டி, எங்கோ ஒரு விபத்தில் உயிர் போனால் நோட்டீஸ் யாருக்கு வரும்?

இதே கேள்வி ஒரு கார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2007-ல் விற்ற கார், பல கை மாறி, 2009-ல் விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் பெயர் மாறவே இல்லை. 2018 பிப்ரவரியில் வந்த தீர்ப்பில், ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று கோர்ட்டு சொல்லி விட்டது. மாதம் 18 ஆயிரம் சம்பளக்காரருக்கு லட்சக்கணக்கில் நஷ்டஈடு என்றால் என்ன ஆகும்?

சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 29, 30 இரண்டும் இதற்குத்தான். மத்திய விதிப்படி பைக்குக்கு பெயர் மாற்ற அடிப்படை கட்டணம் 150 ரூபாய். கார்டு, சேவைக் கட்டணம் தனி. இந்தக் காசை மிச்சம் பிடிக்கத்தான் பலர் தள்ளிப் போடுகிறார்கள்!

ஷோரூம் எக்ஸ்சேஞ்சிலோ கன்சல்டிங்கிலோ கொடுப்பவர்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் ஒரு பாதுகாப்பு வந்திருக்கிறது. ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் கொடுத்தால், படிவம் 29-சி மூலம் வண்டி ஒப்படைக்கப்பட்டதை ஆன்லைனில் தெரிவிக்கலாம். அதன் பிறகு வண்டியில் நடப்பதற்கு டீலரே பொறுப்பு. வண்டியை விடும் முன் ‘அங்கீகார சான்று இருக்கிறதா, 29-சி போட்டாச்சா’ என்று கேட்டு, ரசீது வாங்கிக் கொள்ள வேண்டும். தனி நபருக்கு விற்றால் தேதி, நேரம் எழுதிய ஒப்படைப்பு சீட்டில் அவரது கையெழுத்தும், ஆதார் நகலும் கட்டாயம்.

பழைய வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் போட்டு கிளைம் எதுவும் வாங்காமல் இருந்தால் ‘நோ கிளைம் போனஸ்’ சேர்ந்திருக்கும். 5 வருஷம் கிளைம் இல்லாவிட்டால் அது 50 சதவீதம். அது வண்டிக்கு சொந்தம் அல்ல, உரிமையாளருக்கு சொந்தம். விற்றதும் இன்சூரன்ஸ் கம்பெனியில் சான்று வாங்கி, புதிதாக எடுக்கும் வண்டியின் சொந்த சேத பிரீமியத்தில் கழித்துக் கொள்ளலாம். பழைய பாலிசியை வாங்கியவர் பெயரில் மாற்றுவதற்குள் இதைக் கேட்டு வாங்கி விட வேண்டும்.