மருந்தை எதிர்த்து நின்ற மலேரியா

பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் தோட்டங்கள் பெருகியபோது குன்றுகளில் காடு அழிந்தது; நிழலில் ஓடிய நீரோடைகளில் வெயில் விழுந்தது. வெயில் படும் தெளிந்த ஓடைநீரில்தான் மலேரியாவைப் பரப்பும் மக்குலாட்டஸ் கொசு பெருகும். தோட்டங்களில் குடியேறிய நம் முன்னோர் பலர் அந்தக் காய்ச்சலுக்குப் பலியாயினர்.

அந்நாளைய மருந்து கொயினா. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படும் கசப்பு மருந்து அது. 1942இல் ஜப்பானியர் ஜாவாவைக் கைப்பற்றியதும் உலகில் கொயினாவுக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. சயாம் ரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தமிழர் பலர், போதிய மருந்தின்றி மலேரியாவாலும் வாந்திபேதியாலும் மாண்டனர்.

இந்தத் தட்டுப்பாடு புதிய மருந்துகளைத் தேடும் வேலையைத் துரிதப்படுத்திற்று. 1945இல் இங்கிலாந்தில் பாலுட்ரின் என்ற மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. போருக்குப் பின் அது மலாயாவிலும் வழங்கப்பட்டது. ஆனால் 1949-50ஆம் ஆண்டுகளிலேயே, அம்மருந்துக்குச் சாகாத மலேரியாக் கிருமிகள் இங்கு இருப்பதை ஃபீல்ட், எடீசன் என்னும் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர். அடுத்து நம்பியிருந்த குளோரோகுயின் மருந்துக்கும் 1960களின் தொடக்கத்தில் இதே கதி நேர்ந்தது.

இது எப்படி நிகழ்கிறது? நோயாளியின் உடலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அவற்றுள் மருந்தைத் தாங்கக்கூடியவை சில இருக்கலாம். மருந்தின் அளவு போதாவிட்டால் மற்றவை மடிய, இவை மட்டும் பிழைத்துப் பெருகும். கொசு அவற்றை அடுத்த லயத்துக்குக் கொண்டுபோகும்.

சீன அறிஞர் தூ யூயூ பழைய வைத்திய நூலின் குறிப்பொன்றைத் துணைகொண்டு, 1972இல் ஒரு மூலிகையிலிருந்து ஆர்ட்டெமிசினினைப் பிரித்தெடுத்தார். 2015இல் நோபல் பரிசு பெற்றார். இம்மருந்து வகையை மற்றொரு மருந்துடன் சேர்த்தே கொடுக்கிறார்கள். ஒன்றுக்குத் தப்பும் கிருமியை மற்றொன்று கொல்ல வேண்டும் என்பதே நோக்கம். ஆயினும் கம்போடியாவில் இதற்கும் எதிர்ப்புத் தோன்றிவிட்டது.

2018இல் மனிதரிடையே பரவும் மலேரியா நம் நாட்டுக்குள் எவருக்கும் தொற்றியதாகப் பதிவாகவில்லை. ஆனால் குரங்குகளிலிருந்து கொசு கொண்டுவரும் மலேரியா காட்டோரங்களில் இன்னும் உண்டு. ஆகவே, காட்டுப் பக்கம் போய் வந்தபின் காய்ச்சல் கண்டால் தாமதியாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காய்ச்சல் தணிந்துவிட்டதென்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். மிச்சத்தை இன்னொருவருக்காக எடுத்தும் வைக்காதீர்கள். மருந்தைக் கண்டுபிடிப்பது அறிஞர்களின் வேலை. அதன் வலிமை கெடாமல் காப்பதில் நமக்கும் பங்கு உண்டு.