பட்டினி கிடந்தார்களா, பட்டினி போடப்பட்டார்களா?

மழை பொய்த்தால் விளைச்சல் போகும், விலை ஏறும். மானாவாரி மக்காச்சோளத்தையும் பருத்தியையும் நம்பி வாழும் பெரம்பலூர், அரியலூர் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போரினால் வரும் பட்டினி அப்படியல்ல. அங்கே உணவு வரும் பாதையை மனிதர்களே அடைக்கிறார்கள். ஆனால் செய்திகளில் இரண்டுமே 'உணவு நெருக்கடி' என்றுதான் வருகின்றன. அடைத்தவர் யார் என்பது அந்தச் சொல்லுக்குள் மறைந்துவிடுகிறது.

நமக்கு மிக அருகில் நடந்தது வன்னி. 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்கள் அங்கிருந்து வெளியேறினர். வெளிச் செய்தியாளர்கள் சுதந்திரமாகச் செல்ல வழியில்லை. 2009 தொடக்கத்தில், போர்ப் பகுதியில் சுமார் 70,000 பேரே இருப்பதாக இலங்கை அரசு கூறியது. இறுதியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களோ சுமார் 2,90,000 பேர். ஆள் கணக்கைக் குறைத்தால் அனுப்பும் உணவும் குறையும். அரசு எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டி உணவையும் மருந்தையும் தடுத்தது, புலிகள் மக்களை வெளியேற விடாமல் பிடித்து வைத்தனர் ஆகிய இரு குற்றச்சாட்டுகளும் நம்பத்தகுந்தவை என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் கூறியது.

1943 வங்கத்தில் ஆங்கிலேய அரசு 'பஞ்சம்' என்று அறிவிக்கவே இல்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 22இல் 'தி ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழ் வெளியிட்ட படங்கள்தாம் அந்த மௌனத்தை உடைத்தன.

காஸாவுக்குள் பொருள்கள் செல்வதை 2025 மார்ச் 2 முதல் இஸ்ரேல் முழுமையாக நிறுத்தியது. மே மாதத்தில்தான் ஓரளவு அனுமதித்தது. ஆகஸ்ட் 22இல் ஐ.நா. ஆதரவு பெற்ற ஐ.பி.சி. அமைப்பு காஸா நகரப் பகுதியில் பஞ்சம் நிலவுவதாக உறுதி செய்தது. இஸ்ரேல் அதை மறுத்தது. பல செய்திகளில் இந்த அறிவிப்பும் மறுப்பும் அருகருகே வந்தன. மார்ச் மாதத் தடை பின்னுக்குப் போனது.

பூனையைக் கட்டி வைத்து, உணவும் தராமல், தானே தேடித் தின்னவும் விடாத பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையை ஹதீஸில் நாம் அறிவோம். உலகச் சட்டமும் இதைக் குற்றமென்றே சொல்கிறது. பட்டினியைப் போர்முறையாக்குவதை ஐ.நா. பாதுகாப்பு அவை 2018ஆம் ஆண்டின் 2417ஆம் தீர்மானத்தில் கண்டித்தது.

எனவே இத்தகைய செய்தியைப் பகிருமுன் நம் வீடுகளில் மூன்று கேள்விகள் கேட்போம். பாதையை அடைத்தவர் யார்? எண்ணிக்கையைச் சொன்னவர் யார்? செய்தியாளர் உள்ளே செல்ல முடிந்ததா? பதில் நமக்குப் பிடித்த தரப்புக்கு எதிராக இருந்தாலும் அதைச் சொல்வதே நீதி.