வலுவேறாக்கமும் கொழும்பில் நடந்த ஒரு வழக்கும்



வார இறுதித் தமிழ்ப் பாடசாலையில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். ஊரில் அரசறிவியலில் நாங்கள் படித்த 'வலுவேறாக்கம்' என்ற சொல்லைப் பலகையில் எழுதினால் முழிப்பார்கள். சட்டமியற்றுவது ஒரு துறை, நிறைவேற்றுவது ஒரு துறை, தீர்ப்பளிப்பது ஒரு துறை என்று விளக்கியதும், "ஓ, அமெரிக்காவில இருக்கிறதே, அதுவா?" என்பார்கள். எல்லாம் தொலைக்காட்சி செய்த வேலை.

பிழை சொல்ல முடியாது. 1787 இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு அந்த மூன்று அதிகாரங்களையும் முதல் மூன்று உறுப்புரைகளில் பிரித்து வைத்தது. 1901 இல் நடைமுறைக்கு வந்த அவுஸ்திரேலிய அரசியலமைப்பின் முதல் மூன்று அத்தியாயங்களும் அதே ஒழுங்கில்தான் உள்ளன. ஆனால் அங்கே அமைச்சர் காங்கிரசில் இருக்கமுடியாது. இங்கேயோ பாராளுமன்ற உறுப்பினராகாமல் மூன்று மாதத்துக்கு மேல் அமைச்சராக இருக்கமுடியாது. ஆகவே இந்நாட்டில் இறுக்கமான வேலி நீதித்துறையைச் சுற்றி மட்டுந்தான். அந்த வேலி ஏன் வேண்டும் என்பதை விளக்க நான் பிள்ளைகளைக் கொழும்புக்குத்தான் கூட்டிப் போவேன்.

1962 ஜனவரி 27 ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்க அரசைக் கவிழ்க்க இராணுவ, பொலிஸ் உயரதிகாரிகள் சிலர் போட்ட திட்டம், நிறைவேறுமுன்பே அம்பலமானது. மார்ச்சில் பாராளுமன்றம் அவர்களுக்கென்றே ஒரு விசேட சட்டத்தை இயற்றி, ஜனவரி 1 இலிருந்தே அது செல்லுபடியாகும் என்றது. பொலிசாருக்குக் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக எடுக்கலாம், யூரர் இல்லை, மூன்று நீதிபதிகளை நீதி அமைச்சரே பெயர் குறிப்பிடுவார், குற்றவாளியானால் குறைந்தது பத்து வருடச் சிறை, சொத்தும் பறிமுதல்.

அமைச்சர் தெரிந்த அந்த மூவரும் (அவர்களில் ஒருவர் நீதியரசர் சிறீஸ்கந்தராஜா) தங்களை அமைச்சர் நியமித்ததே செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள்! பின்பு அந்த அதிகாரம் பிரதம நீதியரசருக்கு மாற்றப்பட்டு, கடைசியில் 24 பேரில் 11 பேர் 1965 இல் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அவர்கள் இலண்டன் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்தார்கள். அதுதான் லியனகே வழக்கு.

சோல்பரி அரசியலமைப்பில், நீதி அதிகாரம் நீதிமன்றங்களுக்கே உரியது என்று நேராகச் சொல்லும் வரி கிடையாது. ஆனாலும் நீதிபதிகளின் பதவிக்கு அது கொடுத்த பாதுகாப்பிலும், நீதிச்சேவை ஆணைக்குழுவிலும் அந்தக் கருத்து அடங்கியிருக்கிறது என்றது கோமறைக் கழகம். குறித்த சில ஆட்களை மனதில் வைத்து, நடந்து முடிந்த செயலுக்குத் தண்டனையை நிர்ணயிப்பது நீதிபதிகளின் வேலையில் கைவைப்பதாகும் என்று சொல்லி, 1965 டிசம்பரில் 11 பேரையும் விடுவித்தது.

அவர்களுக்காகக் கண்ணீர்விட எனக்கு மனமில்லை. மக்கள் தேர்ந்த அரசைப் படைபலத்தால் கவிழ்க்க நினைத்தவர்கள். "அப்ப ஏன் சேர் விட்டவை?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அந்தக் கேள்வி வரட்டும் என்றுதான் இந்த வழக்கையே எடுப்பேன். நல்லவர்களின் வழக்கில் வேலியின் அருமை தெரியாது.

பின்னர் இலங்கை கோமறைக் கழக மேன்முறையீட்டை 1971 இல் நிறுத்தியது. 1972 அரசியலமைப்பு நீதி அதிகாரத்தையும் தேசிய அரசுப் பேரவையின் கையிலேயே கொடுத்து, நீதிமன்றங்கள் மூலம் அதைப் பேரவை பிரயோகிக்கும் என்றது. அதன் விலை நமக்குத் தெரியும்.

லியனகே தீர்ப்பை அவுஸ்திரேலிய நீதிமன்றங்களும் எடுத்தாண்டிருக்கின்றன. இங்கே 2004 இல், நாடு கடத்த வழியில்லாத ஒருவரைக் காலவரையின்றித் தடுத்துவைக்கலாம் என்று உயர் நீதிமன்றம் நாலுக்கு மூன்றாகத் தீர்ப்பளித்தது. வில்லாவுட்டில் நம்மவர்கள் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தது நேயர்கள் அறிந்ததே. 2023 நவம்பர் 8 ஆம் திகதி அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது: அப்படியான தடுப்பு தண்டனைக்குச் சமம், தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை.

ஆனால் 2014 இல் இந்தியாவிலிருந்து படகில் வந்த 157 தமிழரை நடுக்கடலில் ஏறக்குறைய நான்கு வாரம் கப்பலில் வைத்திருந்ததை, 2015 இல் அந்த நீதிமன்றம், அதுவும் நாலுக்கு மூன்றாக, சட்டப்படி சரியென்றது. இந்தத் தவணை பிள்ளைகள் அந்த வழக்கை இரு அணியாகப் பிரிந்து வாதாடப் போகிறார்கள். மூன்று நீதிபதிகளின் பக்கம் பேச எல்லாரும் கை தூக்கினார்கள். நால்வரின் பக்கம் பேசத்தான் ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது.