கள்ளக்குறிச்சி உளியும் நம் மணவீடும்

மணவீட்டிற்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புதல் தமிழகத்தில் எச்சமயத்தார்க்கும் வழக்கமன்று. அண்டை வீட்டார் தாம்பூலப் பை கொடுப்பர். நம் இல்லங்களில் நிக்காஹ் முடிந்ததும் பேரீத்தம்பழமும் சர்க்கரையும் வழங்குவோம், சந்தனம் பூசுவோம், பன்னீர் தெளிப்போம். மவ்லிது மஜ்லிஸ் கலையும்போது நார்சா உண்டு. ஹஜ்ஜிலிருந்து மீண்டவரைக் காணச் சென்றால் ஜம்ஜம் நீரும் ஒரு தஸ்பீஹ் மணியும் கிடைக்கும். இவற்றுள் தஸ்பீஹ் ஒன்றே பல்லாண்டு கையில் தங்குவது. ஏனையவை உண்டால் தீரும், பூசினால் உலரும்.

தங்குகின்ற பொருளை விருந்தினர்க்கு அளிக்கும் மரபு நம் வரலாற்றில் இல்லையா? சிறப்புற உண்டு. அப்பாஸியக் கலீபாக்களும் ஃபாத்திமியக் கலீபாக்களும் தாம் பெருமைப்படுத்த விரும்பியவர்க்கு ‘கில்அத்’ என்னும் ஆடை அணிவித்தனர். அவ்வாடைகளில் ‘திராஸ்’ எனப்படும் எழுத்துக்கரை ஓடும். கலீபாவின் பெயரையும், நெய்த ஊரையும், ஹிஜ்ரி ஆண்டையும் அக்கரைகள் பலவற்றில் படிக்கலாம். எகிப்தின் தின்னீஸும் திம்யாத்தும் இத்தகைய தறிகளால் புகழடைந்த நகரங்கள். ஆடை கிழிந்தது, அணிந்தவர் பெயர் மறைந்தது, எனினும் ஆயிரம் ஆண்டு கழித்து அருங்காட்சியகத்தில் கிடக்கும் ஒரு சாண் துணி, தான் பிறந்த ஊரையும் ஆண்டையும் நமக்குச் சொல்லுகிறது.

இம்மரபு அரசவைகளோடு ஒழிந்துவிடவில்லை. 2019 அக்டோபரில் மாமல்லபுரம் வந்த சீன அதிபர் ஷி ஜின்பிங்குக்கு நம் பிரதமர் அளித்தவை எவை? நாச்சியார்கோவில் விளக்கு, தஞ்சாவூர் ஓவியம், சிறுமுகைத் தறியில் நெய்த பட்டு ஆகியவை. அப்பட்டில் விருந்தினரின் முகமே நெய்யப்பட்டிருந்தது! பொருள் நம் ஊரினது, உருவம் அவருடையது. நினைவுப் பரிசுக்கு இதனினும் நல்ல இலக்கணம் நாம் கண்டதில்லை.

அதற்கடுத்த மாதம், நவம்பர் 26 அன்று, விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று கள்ளக்குறிச்சி. அதன் மேற்கே கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான அது, மலையாளி எனப்படும் பழங்குடி மக்களின் தாயகம். 1976இல் அரசு ஏற்கும்வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. ‘ஜாகீர்’ என்னும் பாரசீகச் சொல் அந்த மலையுச்சி வரை ஏறியிருந்ததை எண்ணி வியக்கிறோம். சந்தன மரம் வளரும் மலைகளுள் அதுவும் ஒன்று. நம் பந்தலில் கமழ்ந்த மணம் இத்தகைய மலைகளிலிருந்து இறங்கியதே. இன்று சந்தனம் அருகிவிட்டது; விலையும் எட்டாது.

மலையடிவாரத்தில் எஞ்சி நிற்பது உளி. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் மரச்சிற்பம் செய்யும் குடும்பங்கள் உள்ளன. முன்னாளில் மதுரை இக்கலைக்குப் பெயர் பெற்ற நகர். அரசுகள் மாறியபோது கைவினைஞர்கள் பிற ஊர்களுக்குப் பெயர்ந்தனர் என்பர். வாகை, தேக்கு, வேம்பு, மா, பூவரசு ஆகிய மரங்களில் வேலை நடக்கிறது. மரத்தை நன்கு உலர்த்தி, உருவை வரைந்து, பேருளியால் வெட்டி, சிற்றுளியால் நுணுக்கி, உப்புத்தாளால் தேய்த்து மெருகிடுவர். உலராத மரம் பின்னாளில் வெடித்து, செய்தவர் பெயரையும் கொடுத்தவர் பெயரையும் ஒருசேரக் கெடுக்கும். 2021இல் இக்கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயருக்குச் சட்டக் காவல் வந்துவிட்டது. ஆனால் சட்டம் ஊர்ப் பெயரைக் காக்குமேயன்றி உளிக்கு வேலை தராது. வேலையில்லாத உளியைத் தந்தையிடமிருந்து மகன் ஏன் வாங்கப் போகிறான்?

சென்ற ஆண்டு ஒரு திருமணத்திற்குச் சென்றிருந்தோம். வந்தோர் அனைவர்க்கும் பளபளக்கும் பெட்டியில் பிளாஸ்டிக் பொம்மை ஒன்று தந்தனர். பந்தி முடிந்து திரும்புகையில் நாற்காலிகளின் மேலும் கீழும் அப்பெட்டிகள் கிடந்தன. கொடுத்த வீட்டார் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! இலக்கியக் கூட்டங்களில் நாம் வழங்கும் கேடயங்களின் கதியும் இதுவே. பரணில் அடுக்கினால் எவருடையது எது என்று தெரியாது.

“அங்கே தெய்வ உருவங்களல்லவா செதுக்குகிறார்கள், நமக்கு என்ன வேலை?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். கொடியும் இலையும் செதுக்கத் தெரிந்த கையிடம் நமக்கு வேலை நிறையவே உண்டு. ஒரே பலகையை இரு மடலாகப் பிளந்து, ஆணியும் கீலுமின்றிக் கோத்து எடுக்கும் ரேஹாலைச் சிந்தித்துப் பாருங்கள். பிள்ளைக்குக் குர்ஆன் ஓதக் கற்றுத்தந்த உஸ்தாதுக்கு அதனினும் ஏற்ற பரிசு உண்டா? பிற விருந்தினர்க்கு உள்ளங்கை அளவு பெட்டி போதும். மூடியில் ஒரு கொடி, அவர் பெயர், நிக்காஹ் நாள், ஊர். இறைவசனங்களைப் பொறிக்க வேண்டா. அப்பொருள் நாளை எவ்விடத்தில் கிடக்குமோ என்ற அச்சம் நமக்குண்டு. ஆயிரம் பேருக்கும் இது இயலாது என்பதும் உண்மையே. தொலைவிலிருந்து வந்த இருபது பேருக்குச் செய்யலாம்; மற்றவர்க்குப் பேரீத்தம்பழம் இருக்கவே இருக்கிறது.

மரம் உலர நாளாகும். ஷவ்வாலில் நிக்காஹ் என்றால், ரஜப் பிறை காணுமுன் பெயர்ப் பட்டியல் கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.