பெங்களூர் பீர் புராணம்

முதலிலேயே ஒரு டிஸ்கி போட்டுவிடுகிறேன். இது குடிக்கச் சொல்லும் பதிவு இல்லை. நானும் பெரிய குடிகாரன் இல்லை, அரை கிளாஸுக்கு மேல் போனால் தூக்கம் வந்துவிடும் ஆசாமி. பி.காம். படித்துவிட்டு பேங்கில் கணக்கு பார்க்கிறவனுக்கு பீரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். இந்தக் கதையே ஒரு கடன் கணக்கில்தான் ஆரம்பிக்கிறது :-)

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் என்னை இந்திராநகர் நூறடி சாலைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். எல்லாரும் இந்த மைக்ரோ ப்ரூவரி பைத்தியங்கள். ஒரு மரத்தட்டில் ஆறு குட்டி கிளாஸ்கள் வந்தன. வெளிறிய மஞ்சளில் ஆரம்பித்து, தேன் நிறம், செம்பு நிறம் என்று போய் கடைசிக் கிளாஸ் டிகாஷன் மாதிரிக் கறுப்பு. ஒரே பீரை ஆளுக்கொரு மக் வாங்காமல் ஆறையும் சுற்றிச் சுற்றிக் கொடுத்து ருசி பார்ப்பார்களாம். லேசானதில் தொடங்கிக் கறுப்பில் முடிக்க வேண்டுமாம். மாற்றிக் குடித்தால் நாக்கு ஏமாந்துவிடும்.

கிரெடிட் டிபார்ட்மென்டில் இருக்கும் நண்பர் ஒரு நோட்டில் ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதினார். "சார், இதுல வாழைப்பழ வாசனை வருதா பாருங்க. பின்னாடியே கிராம்பு வரும்" என்றார். சும்மா சொல்கிறார் என்று நினைத்து முகர்ந்தேன். சத்தியமாக வாழைப்பழம். அடுத்தது கிராம்பு.

"வாழைப்பழமும் போடலை, கிராம்பும் போடலை. கோதுமை பீர்ல அந்த ஈஸ்ட் பண்ற வேலை சார் இது" என்றார்.

நம் வீட்டு இட்லி மாவு நேரத்துக்கு நேரம் வேறு வாசனை வருவது ஞாபகம் வந்தது. அன்றைக்குப் பிடித்த ஆர்வத்தில் கொஞ்சம் படித்தேன். படித்ததை இங்கே கொட்டுகிறேன்.

சரி, கடன் கணக்கு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் ஹாட்ஜ்சன் என்று ஒரு குடும்பம் போ என்ற இடத்தில் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் துறை பக்கத்திலேயே இருந்தது. கப்பல் கேப்டன்கள் சொந்தக் கணக்கில் சரக்கு ஏற்றிவந்து இந்தியாவில் விற்றுக்கொள்ளலாம். அவர்களுக்கு ஹாட்ஜ்சன் கொடுத்த சலுகை என்ன தெரியுமா? 18 மாதக் கடன்! ஐந்தாறு மாதம் கடலில் வந்து, விற்று, திரும்பப் போய்ப் பணம் கட்டினால் போதும். இன்றைக்கு ஒரு எக்ஸ்போர்ட் பார்ட்டி எங்கள் கிளைக்கு வந்து 18 மாத தவணை கேட்டால் மேனேஜர் மயங்கி விழுவார்.

அந்தப் பீர்தான் பிற்பாடு 'இந்தியா பேல் ஏல்' ஆனது, சுருக்கமாக ஐ.பி.ஏ. இந்தியாவுக்கென்றே ஹாட்ஜ்சன் கண்டுபிடித்தார் என்று பாரில் எல்லாரும் கதை சொல்வார்கள். அப்படி இல்லை. ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவை அதிகம் போட்டு, நாள்பட வைத்திருக்கும் பீர் இங்கிலாந்தில் ஏற்கெனவே இருந்ததுதான். கடலில் அது தாக்குப்பிடித்தது, அவ்வளவே. 1820-களில் ஹாட்ஜ்சன் வாரிசுகளுக்குப் பேராசை வந்தது. விலையை ஏற்றி, கடனை நிறுத்தி, தாங்களே கப்பலில் அனுப்ப ஆரம்பித்தார்கள். கடுப்பான கம்பெனிக்காரர்கள் பர்ட்டன் ஊர் ஆல்சாப்பிடம் போனார்கள். அவருடைய ஆள் முதல் சாம்பிளை ஒரு தேநீர்ப் பாத்திரத்தில் காய்ச்சிக் காட்டியதாகக் கதை. பர்ட்டன் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். அதனால் கசப்பு இன்னும் எடுப்பாக இருந்தது. ஹாட்ஜ்சன் ஆதிக்கம் சரிந்தது. கடனை வெட்டினால் வாடிக்கையாளரும் வெட்டிக்கொண்டு போவார் என்று பேங்க்காரனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பீரைக் குடித்த வெள்ளைக்காரப் பட்டாளத்தில் ஒரு பகுதி நம் பெங்களூருக்கு வந்தது. 1799-ல் திப்பு வீழ்ந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த படை, 1809 வாக்கில் இங்கே கண்டோன்மென்ட்டுக்கு மாறியது. சென்னை ராணுவத்தோடு சேர்ந்து வந்தவர்கள்தான் இந்த ஊரின் பழைய தமிழர்கள். சிப்பாய், சமையல்காரர், துணி வெளுப்பவர், கொத்தனார், கடைக்காரர். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் இன்றைக்கும் தமிழ் காதில் விழுவதற்கு அதுதான் காரணம். நாம் எல்லாம் ஐ.டி.க்கும் பேங்குக்கும் நேற்று வந்தவர்கள்!

கப்பல் பீர் விலை அதிகம். இங்கேயே காய்ச்சலாம் என்றால் குளிர் வேண்டும், குளிர்பதன இயந்திரம் வராத காலம். அதனால் மலையைத் தேடிப் போனார்கள். வடக்கே கசௌலி, தெற்கே நீலகிரி. மூவாயிரம் அடி உயரத்தில் இருந்த பெங்களூருக்கும் யோகம் அடித்தது. 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து ப்ரூவரிகளைச் சேர்த்து 'யுனைடெட் ப்ரூவரீஸ்' ஆக்கினார். அதில் மூத்தது 1857-ல் தொடங்கிய காஸில் ப்ரூவரி. நீலகிரி ப்ரூவரியும் பெங்களூர் ப்ரூவரியும் அந்த ஐந்தில் உண்டு. பெரிய பெரிய மரப் பீப்பாய்களில் அடைத்து, மாட்டு வண்டியில் ஏற்றிப் பட்டாளத்துக்கு அனுப்புவார்களாம்.

1947-ல் விட்டல் மல்லையா அதன் முதல் இந்திய இயக்குநர் ஆனார். அடுத்த வருடமே சேர்மன். 1983-ல் அவர் மறைந்தபின் மகன் கைக்கு வந்தது. மகனைப் பற்றி எங்கள் பேங்க் உலகத்தில் பேசினால் பேச்சு நீளும். விமானக் கம்பெனி 2012-ல் நின்றது. 17 வங்கிகளுக்குச் சுமார் 9000 கோடி பாக்கி. 2016 மார்ச்சில் ஆள் வெளிநாடு போய்விட்டார். 2021-ல் யுனைடெட் ப்ரூவரீஸ் ஹைனகன் கைக்குப் போனது. பழைய ப்ரூவரி இருந்த இடத்தில்தான் இன்றைய யூ.பி. சிட்டி நிற்கிறது. அந்தத் தெருவுக்கே விட்டல் மல்லையா ரோடு என்று பெயர்.

நூறு வருடத்தில் என்ன ஆனது என்றால், இந்தியாவில் பீர் என்றால் ஒரே ருசி என்றாகிவிட்டது. மஞ்சளாக, நுரையாக, ஐஸ் போல. பிராண்டுதான் வேறு. எண்பதுகளின் கடைசியில் பெங்களூரில் பப்கள் முளைத்தன. ரெஸ்ட் ஹவுஸ் ரோட்டில் 1989-ல் வந்த பெக்கோஸ் இன்றும் பலருக்கு நாஸ்டால்ஜியா. பாட்டு வகைவகையாக இருந்தது, பீர் மட்டும் அதேதான்.

வெளிநாட்டிலும் இதே பிரச்சினைதான். அங்கே மாற்றியவர்கள் முதலாளிகள் இல்லை, நம் நோட்டுக்கார நண்பரைப் போன்ற ஆர்வக்கோளாறுகள். பிரிட்டனில் 1963-ல் வீட்டில் பீர் காய்ச்ச லைசென்ஸ் தேவையில்லை என்றானது. 1971-ல் நான்கு நண்பர்கள் சேர்ந்து பழைய பாணி ஏலைக் காப்பாற்ற ஓர் இயக்கம் ஆரம்பித்தார்கள். அதுதான் 'காம்ரா'. அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் வீட்டுக் காய்ச்சலை அனுமதித்தது. அப்போது அங்கே மொத்த ப்ரூவரிகள் நூறைத் தொடவில்லை. இன்று 9000-க்கும் மேல். கராஜில் காய்ச்சி நண்பர்களுக்கு ஊற்றிக் கொடுத்து "எப்படி இருக்கு?" என்று கேட்டவர்களில் பலர் பின்னால் முதலாளி ஆனார்கள்.

இந்தியாவில் முதல் மைக்ரோ ப்ரூவரி 2008-ல் குர்கானில் வந்தது. 2009-ல் புனேயில் டூலாலி. பெங்களூரில் 2010-ல் மூன்று நண்பர்கள் இந்திராநகரில் டாய்ட் திறந்தார்கள். 2011-ல் பியர் கிளப். அது எங்கே தெரியுமா? அதே விட்டல் மல்லையா ரோட்டில்! பெரிய ப்ரூவரி போய் மால் வந்த தெருவில், குட்டி ப்ரூவரி ஒன்று முளைத்தது. 2012-ல் ஒயிட்ஃபீல்டில் ஜாஸ் இசையும் புத்தக அலமாரியுமாக விண்ட்மில்ஸ். அதே வருடம் அமெரிக்காவின் மிச்சிகனில் இருந்து ஆர்பர். பாசுமதி அரிசி போட்ட பீர், மாம்பழ சீசனில் மாம்பழ பீர், சிக்மகளூர் காபி போட்ட கறுப்பு பீர் என்று நம் ஊர்ச் சரக்கும் உள்ளே நுழைந்தது.

செய்முறை ரொம்பச் சுலபமாகத் தெரியும். பார்லியை ஊறவைத்து முளைகட்டி உலர்த்த வேண்டும். அதுதான் மால்ட். அதை உடைத்து வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகும். வடிகட்டி, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய சங்கப் பாட்டு. அதில் வலைஞர் வீட்டுக் காய்ச்சல் ஒன்று வருகிறது. குற்றாத அரிசியைக் கூழாக்கி, அகன்ற வாய்ப் பாத்திரத்தில் ஆறவைத்து, முளைத்த நெல்லை இடித்துக் கலந்து, ஜாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு வைத்து, விரலால் பிழிந்து வடிப்பார்கள். முளைத்த நெல் என்றால் மால்ட்தானே! ஹாப்ஸ் மட்டும் கிடையாது. வழியில் வரும் பாணனுக்கு அதைச் சுட்ட மீனோடு கொடுத்து உபசரிப்பார்கள். இந்திராநகர் மரத்தட்டுக்கும் அதற்கும் ரொம்ப தூரமில்லை.

இனி பேங்க்காரன் பார்வை. இந்த பீர் வடிகட்டிப் பதப்படுத்தாதது, சீக்கிரம் கெடும். லீசு, சம்பளம், கலால் எல்லாம் பெரிய தொகை. சரக்கோ வாரக்கணக்கில் காலாவதி. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது டாங்க் நிறைய பீர் இருந்தது, குடிக்க ஆளில்லை. பல ப்ரூவரிகள் ஆயிரக்கணக்கான லிட்டரைச் சாக்கடையில் கொட்டின. மே மாதம் கர்நாடக அரசு பார்சல் விற்க அனுமதித்தது, இரண்டு லிட்டர் வரைக்கும். அப்படித்தான் மைக்ரோ ப்ரூவரி பீர் முதல்முறை வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் வந்தது.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள்ளும் வந்தது. நண்பர் கொடுத்த ஒரு பாட்டில். அந்தச் சமயம் பார்த்து அம்மா கோவில்பட்டியில் இருந்து வந்திருந்தார்கள்.

"ஏய்யா, ஃப்ரிட்ஜுல கஞ்சித்தண்ணி மாதிரி என்னமோ இருக்கே. புளிச்ச வாடை வருது. கொட்டிரவா?"

"இல்லம்மா... அது பீரு."

அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் காபி குடிக்கும்போதுதான் சொன்னார்கள். "ஒங்க சித்தப்பாவும் மொதல்ல எப்படி இருக்குன்னு பாக்கத்தாம்யா போனாரு."

சித்தப்பா 1989-ல் இறந்தார். வயது 38. எனக்கு அப்போது பதினொன்று. சித்தி தீப்பெட்டி ஒட்டித்தான் இரண்டு பெண்களையும் கரையேற்றினார். ஹாட்ஜ்சன் 18 மாதக் கடன் கொடுத்தார் என்று ரசித்து எழுதுகிறேன். சித்தப்பாவுக்கும் சாராயக்கடையில் கடன் கொடுத்தார்கள். அந்தக் கணக்கை அடைத்தது சித்தியின் தாலிச்சங்கிலி.

நம் தமிழ்நாட்டுச் சரித்திரத்தைப் பாருங்கள். 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். 1948-ல் மாகாணம் முழுக்க. 1971-ல் தளர்த்தினார்கள், 1974-ல் மறுபடி மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள். 1983-ல் டாஸ்மாக் கம்பெனி. 1987-ல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 2003-ல் சில்லறைக் கடையும் அரசாங்கமே. எங்கள் ஊர்ப் பனைமரத்தில் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். பனையேறி அந்தக் கள்ளை விற்றால் கேஸ். கர்நாடகத்திலும் 2007-ல் சாராயத்தை ஒழித்தார்கள். அதற்குச் சில வருடத்தில் மைக்ரோ ப்ரூவரி வந்தது. ஏழை குடித்தால் குற்றம், நோட்டில் குறிப்பெழுதிக் குடித்தால் கலாசாரமா என்று யாராவது கேட்டால், அந்த மேஜையில் உட்கார்ந்திருந்த எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் கண்ணால் பார்த்தேன். நாலு பேர், ஆறு குட்டி கிளாஸ், மூன்று மணி நேரம். பேசியதுதான் அதிகம். போதை தேடிப் போகிறவன் அத்தனை நேரம் வாழைப்பழ வாசனையைத் தேட மாட்டான். சித்தப்பா தனியாகக் குடித்தார், நின்றுகொண்டே, அவசரமாக. அதற்காக மேஜையில் உட்கார்ந்தவன் எல்லாம் தப்பித்துவிடுவான் என்றும் சொல்ல மாட்டேன். ருசியில் ஆரம்பித்துப் பழக்கத்தில் முடிந்த ஆட்களை என் ஆபீஸிலேயே பார்த்திருக்கிறேன்.

அந்தப் பாட்டிலை அன்றைக்கே நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அம்மா இருக்கும்வரை வீட்டுக்குள் வேண்டாம் என்று முடிவு. வெளியே நண்பர்களோடு போனால் அரை கிளாஸ், வண்டி ஓட்டுவதில்லை. பிளஸ் டூ படிக்கும் பையனிடம் பெரும்பாணாற்றுப்படையையும் சொன்னேன், சித்தப்பா கதையையும் சொன்னேன். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்ல மனசு வரவில்லை.

உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்தால் என்ன சொல்வீர்கள்? பின்னூட்டத்தில் எழுதுங்கள். அம்மா படிக்க மாட்டார்கள் :-)